வாடகை வீட்டுச் சாமானுக்கு இன்சூரன்ஸ் போட முடியுமா? (பெங்களூரு)

ஈஜிபுரா_தரைதளம்:
வணக்கம். ஈஜிபுராவில் வாடகைக்கு இருக்கிறோம், நான், மனைவி, கைக்குழந்தை. போன வாரம் எதிர் வீட்டில் யுபிஎஸ்ஸிலிருந்து தீப்பிடித்து ஹால் முழுக்க எரிந்துவிட்டது. ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் கல்யாணத்துக்கு வாங்கிய கட்டில், டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் போச்சு. ஓனர் இன்சூரன்ஸ் போட்டிருந்தும் குடியிருப்பவர்களுக்கு அதில் ஒரு ரூபாய்கூட வராதாம். எங்கள் ஓனரும் பாலிசி இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்றுதான் சொல்கிறார். நாங்கள் தனியாகப் போட முடியுமா, அல்லது வீண் செலவா?

சர்ஜாப்பூர்ரோடு_பழையஆள்:
வராது தம்பி. ஓனர் போட்டிருப்பது அவருடைய சுவருக்கும் கூரைக்கும். 2022 செப்டம்பர் மழையில் பெல்லந்தூர், சர்ஜாப்பூர் ரோடு பக்கமெல்லாம் டிராக்டரிலும் படகிலும் ஆட்களை வெளியே கொண்டுவந்தார்களே, அப்போது நானும் தரைதளம்தான். விடியற்காலையில் கட்டில் உயரத்துக்குத் தண்ணீர், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடியதுதான், மெத்தை, ஃப்ரிட்ஜ், பிள்ளைகளின் புத்தகம் எதையும் எடுக்க முடியவில்லை. ஓனருக்கு வயரிங், பெயிண்ட் செலவு கிடைத்தது. நான் மூழ்கிப்போன வாஷிங் மெஷினுக்கு அதற்கப்புறமும் நாலு மாதம் இஎம்ஐ கட்டினேன். அட்வான்ஸ் என்று லட்சக்கணக்கில் கொடுக்கிறோம், நம் சாமானுக்குத் தனியாக இன்சூரன்ஸ் போட்டு வருடத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்ட யோசிக்காதீர்கள். வேறு வீட்டுக்கு மாறியதும் நான் செய்த முதல் வேலை இதுதான்.

பாலிசி_வேலை:
இந்தத் துறையில்தான் இருக்கிறேன். 2021 ஏப்ரல் 1 முதல் பாரத் கிருஹ ரக்‌ஷா என்று எல்லாக் கம்பெனியிலும் ஒரே மாதிரி பாலிசி இருக்கிறது, இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐ கொண்டுவந்தது. கட்டடம் வேண்டாம், வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் போதும் என்று கேட்டு வாங்குங்கள். தீ, வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், மாடித் தொட்டி வழிந்தோ குழாய் உடைந்தோ வரும் சேதம் எல்லாம் இதில் அடங்கும்.

ஆனால் பூட்டை உடைத்துத் திருடினால் வராது, அதற்குத் தனியாகச் சேர்க்க வேண்டும். பொங்கலுக்கு வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகிற நம் ஆட்கள் இதைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்து கிடந்த வீட்டில் எடுத்துப் போனால் அதிலும் கிடைப்பது கஷ்டம். நகைக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். கீழே நிற்கும் பைக் இதில் வராது, வண்டி இன்சூரன்ஸ்தான், அதுவும் தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது) மட்டும் போட்டிருந்தால் வெள்ளத்தில் மூழ்கினாலும் ஒன்றும் தர மாட்டார்கள்.

மடிவாளா_ரூம்மேட்:
நாங்கள் மூணு பேர் சேர்ந்து இருக்கிறோம். ஒருத்தர் போட்டால் போதுமா? ஆபீஸ் லேப்டாப்?

பாலிசி_வேலை:
போதாது. எடுத்தவர், அவர் குடும்பத்தார் பொருளுக்குத்தான். அவரவர் தனியாகப் போடுங்கள். லேப்டாப் கம்பெனியுடையது என்றால் அதை ஆபீஸில்தான் கேட்க வேண்டும்.

ஈஜிபுரா_தரைதளம்:
ரொம்ப நன்றி அண்ணா, இரண்டு பேருக்கும். பில் எல்லாம் பத்திரமாக இல்லை, அது பரவாயில்லையா?

சர்ஜாப்பூர்ரோடு_பழையஆள்:
இன்றைக்கே ஒவ்வொரு ரூமாக, பீரோவுக்குள்ளும் சேர்த்து போனில் வீடியோ எடுங்கள். இருக்கிற பில்லைப் படம் பிடித்து, ஆன்லைனில் வாங்கியதற்கு ஆர்டர் பக்கத்தில் மறுபடி இறக்கி, எல்லாவற்றையும் மெயிலில் போட்டு வையுங்கள். போனிலேயே வைத்திருந்தால் அதுவும் தண்ணீரில் போய்விடும், எனக்குப் போனது அப்படித்தான்.