மறுமொழி: ‘ஃபாக்குல்தே’, ‘எகோல்’ இரண்டுக்கும் சட்டக் கல்லூரிதானா?

அன்பின் குழும நண்பர்களுக்கு,

நம் மொழிபெயர்ப்புச் சொற்பட்டியலில், பிரான்சின் சட்டக் கல்வி நிறுவனங்களைக் குறிக்கும் ‘ஃபாக்குல்தே த துருவா’, ‘எகோல் த துருவா’ என்ற பிரெஞ்சுப் பெயர்கள் இரண்டுக்கும் தமிழில் ‘சட்டக் கல்லூரி’ என்றே போட்டுவிடலாம், வாசகருக்குப் புரிந்தால் சரி என்று இந்த இழையில் பலரும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. பிரான்சில் இந்தப் பெயர்கள் மாறிய போதெல்லாம் நிறுவனமும் மாறியிருக்கிறது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால், “1808-இல் சட்டக் கல்லூரிகள் சட்டக் கல்லூரிகளாக மாற்றப்பட்டன” என்று எழுத வேண்டிவரும்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். இடைக்காலப் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் இறையியல், மருத்துவம், கலை, அப்புறம் ‘தெக்ரே’ என்று நான்கு பிரிவுகள். தெக்ரேயை ஒருவர் ‘அரசாணை’ என்று பெயர்த்திருக்கிறார். இன்றைய பிரெஞ்சுக்கு அது பொருந்தும். இங்கே அது 12-ஆம் நூற்றாண்டில் கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்டத் தொகுப்பைக் குறிக்கிறது. 1219-இல் போப் மூன்றாம் ஹொனோரியஸ், இறையியல் படிப்பு மெலிந்துவிடக் கூடாது என்று, பாரிஸில் ரோமானியச் சட்டம் கற்பிக்கத் தடை போட்டார். மிஞ்சியது திருச்சபைச் சட்டம் மட்டும். ரோமானியச் சட்டம் வேண்டியவர்கள் ஓர்லியான் நகருக்குப் போனார்கள். பின்னாளில் சமயச் சீர்திருத்தவாதி கால்வின் சட்டம் படித்தது அங்கேயும் பூர்ஷ் நகரிலும்தான். தடை நீங்கியது 1679-இல், மன்னர் பதினான்காம் லூயியின் ஆணையால். அதே ஆணை பிரெஞ்சுச் சட்டத்துக்கென்று தனிப் பேராசிரியரையும் கொண்டுவந்தது. மற்றவர்கள் லத்தீனில் பாடம் நடத்த, அவர் மட்டும் பிரெஞ்சில் நடத்தினார்.

நம் சிக்கல் பிரெஞ்சுப் புரட்சியோடு தொடங்குகிறது. 1793-இல் பழைய பல்கலைக்கழகங்கள் ஒழிக்கப்பட்டன. 1804 மார்ச் 13-ஆம் தேதிச் சட்டம் சட்டப் படிப்பைத் திரும்பக் கொண்டுவந்தபோது பழைய பெயரான ‘ஃபாக்குல்தே’யை எடுத்துக்கொள்ளவில்லை, ‘எகோல்’ என்றது. மார்ச் 21 அன்று குடியியல் சட்டத் தொகுப்பு வந்தது. எட்டே நாள் இடைவெளி, தற்செயலும் அல்ல: குடியியல் சட்டத்தை அந்தத் தொகுப்பின் வரிசையிலேயே கற்பிக்க வேண்டும் என்று மார்ச் 13 சட்டமே சொல்லிவிட்டது. மொத்தம் 12 ஊர்கள். பாரிஸ், துலூஸ், எக்ஸ் போன்றவற்றோடு துரின், பிரஸ்ஸல்ஸ், கோப்லென்ஸும் பட்டியலில் உண்டு. நெப்போலியனின் பிரான்ஸ் அந்த ஊர்கள் வரை நீண்டிருந்தது. தொழிலுக்கு ஆள் தயாரிக்க அரசு திறந்த இடங்கள் இவை. ‘சட்டப் பள்ளி’ என்பது இவற்றுக்குக் கச்சிதம். பள்ளி என்றால் சின்னப் பிள்ளைகள் படிக்கும் இடமாகத் தெரிகிறதே என்பவர்களுக்கு: சென்னையில் ‘சீர்மிகு சட்டப் பள்ளி’யில் பட்டப்படிப்புதான் நடக்கிறது.

1808-இல் பேரரசுப் பல்கலைக்கழகம் அமைந்தபோது இந்தப் பள்ளிகள் ‘ஃபாக்குல்தே’ ஆயின. இதற்குப் புலமா, பீடமா? தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கலைப்புலம், சுவடிப்புலம் இருப்பதால் ‘சட்டப்புலம்’ என்ற வாதம் நியாயமானதே. ஆனால் புலம் என்றதும் ஒரு பல்கலைக்கழகத்தின் பகுதி என்றுதான் தோன்றும். பேரரசுப் பல்கலைக்கழகம் நாடு முழுமைக்குமான கல்வி நிர்வாகம். ஊரில் கண்ணுக்குத் தெரிந்தது ஃபாக்குல்தே மட்டும்தான், பட்டத் தேர்வு நடத்தியதும் அதுவே. ஊர்வாரியாக அவை பல்கலைக்கழகங்களாகச் சேர்ந்தது 1896-இல். அப்படித் தனித்து நின்றதற்குப் ‘பீடம்’தான் பொருத்தம். மடம் நினைவுக்கு வருகிறதாம் ஒரு நண்பருக்கு. வரட்டுமே, போப் தடை போட்ட காலத்திலிருந்து வரும் பெயர்தானே!

ஈழத்து நண்பர்களுக்கு இது புதுச் சொல்லும் இல்லை. கொழும்பில் சட்ட பீடம் வேறு, சட்டக் கல்லூரி வேறு. முன்னது பல்கலைக்கழகப் பட்டம் தருவது, பின்னது சட்டத்தரணி (வழக்கறிஞர்) ஆவதற்கான பயிற்சி. பிரான்சிலும் பட்டம் முடித்தபின் வழக்கறிஞர்களுக்குத் தனிப் பயிற்சிப் பள்ளிகள், நீதிபதிகளுக்குப் போர்தோவில் தேசிய நீதித்துறைப் பள்ளி. ஃபாக்குல்தேயை நாம் சட்டக் கல்லூரி என்றால் இலங்கை வாசகர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

1968-இல் உயர்கல்விச் சீர்திருத்தமான ஃபோர் சட்டம் பீடங்களைக் கலைத்து அலகுகளாக்கியது. 1984-இல் அவற்றுக்கு வந்த பெயரைக் ‘கல்வி ஆய்வு அலகு’ என்று வைத்துக்கொள்ளலாம்; அழகான சொல் இல்லை, மூலமும் அப்படித்தான். பாரிஸ் பல்கலைக்கழகம் 13 ஆகப் பிரிந்தபோது சட்டப் பேராசிரியர்களில் பெரும்பாலோர் பாரிஸ்-2 பக்கமும், சிலர் பாரிஸ்-1 பக்கமும் போனார்கள். பாந்தியோன் சதுக்கத்தில் சூஃப்லோ வடிவமைத்த பழைய பீடக் கட்டடத்தை இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன. மாணவர்கள் இன்றும் ஃபாக்குல்தேயைச் சுருக்கி ‘ஃபாக்’ என்றுதான் சொல்கிறார்கள்.

அப்புறம் எகோல் திரும்பி வந்தது. பாரிஸின் அரசியல் அறிவியல் உயர்கல்வி நிறுவனமான சியான்ஸ் போ 2009-இல் தன் எகோல் த துருவாவைத் தொடங்கியது. பாரிஸ்-1 கூட இப்போது ‘எகோல் த துருவா த லா சோர்போன்’ என்கிறது. இது 1804-இன் வாரிசு அல்ல, அமெரிக்க ‘லா ஸ்கூல்’ காற்று என்பது என் கணிப்பு. இருந்தாலும் மூலத்தில் ஒரே சொல் இருக்கும்போது தமிழில் இரண்டாக உடைக்க வேண்டாம். இதற்கும் சட்டப் பள்ளியே இருக்கட்டும், எந்தப் பள்ளி என்பதை ஆண்டு காட்டிவிடும்.

1838-இல் புதுச்சேரியில் தொடங்கியதும் எகோல்தான். ஆகவே பிரெஞ்சுக் காலப் பதிவுகளில் ‘புதுச்சேரி சட்டப் பள்ளி’ என்று எழுதுவோம். இன்றைய நிறுவனம் டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. நம் பட்டியலில் ‘கல்லூரி’ வர வேண்டிய இடம் அது ஒன்றுதான்.

அன்புடன்