ஒரே இன்சூரன்ஸ் கம்பெனி, நண்பர் மகனுக்கு ஏபிஏ தெரபி உண்டு, என் மகனுக்கு இல்லையாம். ஏன்?

கேள்வி: பிரிஸ்கோ அப்பா

வணக்கம். டாலஸ் பக்கம் பிரிஸ்கோவில் இருக்கிறோம். மகனுக்கு மூன்றரை வயது. போன மாதம் டாக்டர் ஆட்டிசம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வாரத்துக்கு 25 மணி நேரம் ஏபிஏ என்ற நடத்தைப் பயிற்சி, கூடவே ஸ்பீச் தெரபி, ஓடி (ஆக்குபேஷனல் தெரபி). அலைந்து திரிந்து ஒரு சென்டரில் இடமும் பிடித்தோம். பில்லிங் பார்க்கிற அம்மா நேற்று போன் செய்து, "உங்கள் பிளானில் ஆட்டிசத்துக்கான பிஹேவியர் தெரபி சேராது, கைக்காசுதான்" என்கிறார். அவர் சொன்ன தொகை எங்கள் வீட்டுக் கடன் தவணையை விட அதிகம்.

புரியாதது இதுதான். அடுத்த தெருவில் ஒரு தெலுங்கு நண்பர். அவர் மகனுக்கும் இதே தெரபி, இதே இன்சூரன்ஸ் கம்பெனி. அவர் கட்டுவது கோபே, அதாவது ஒவ்வொரு முறைக்கும் ஒரு சின்னத் தொகை, மட்டும். டெக்சாஸில் இதற்குச் சட்டமே இருக்கிறது என்று அவர் அடித்துச் சொல்கிறார். இன்சூரன்ஸுக்கு போன் போட்டால் "உங்கள் எம்ப்ளாயரைக் கேளுங்கள்" என்று வைத்துவிடுகிறார்கள். நான் எச்1பி வேலை விசாவில் இருக்கிறேன், கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். எச்ஆரிடம் போய்ப் பிள்ளை விஷயத்தைப் பேச வீட்டில் பயப்படுகிறார்கள். அப்பீல் போட்டால் கிடைக்குமா?

பதில்: ராலே ரவி

கண்டிப்பாக அப்பீல் போடுங்கள். எங்களுக்கு "மெடிக்கலி நெசசரி இல்லை" என்று மறுத்தார்கள். டாக்டரிடம் விரிவாக ஒரு கடிதம் வாங்கிப் போட்டோம், இன்சூரன்ஸைச் சேராத வெளி ஆள் பார்க்கிற வெளி ரிவ்யூவில் எங்கள் பக்கம் தீர்ப்பானது. மறுப்புக் கடிதம் வந்த நாளிலிருந்து 180 நாள் இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

பதில்: செல்வி அக்கா, ஆஸ்டின்

ரவி சொல்வது அவருக்குச் சரி. ஆனால் தம்பி, உங்கள் கேஸ் வேறு. தெரபி தேவையா இல்லையா என்ற தகராறு இருந்தால் வெளி ரிவ்யூ உதவும். பிளானிலேயே "இது கிடையாது" என்று எழுதி வைத்திருந்தால், ரிவ்யூ செய்கிறவர் அந்த வரியைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். அப்பீலையும் போட்டு வையுங்கள், பதிவுக்கு ஆகும். அதை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள்.

முதலில் உங்கள் கார்டையும் நண்பர் கார்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லோகோ ஒன்றாகத்தான் இருக்கும். நண்பர் கார்டில் எங்கேயாவது சின்ன எழுத்தில் டிடிஐ அல்லது டிஓஐ என்று மூன்றெழுத்து இருக்கிறதா? இருந்தால் அது டெக்சாஸ் இன்சூரன்ஸ் துறைக்குக் கட்டுப்பட்ட பிளான், நண்பர் சொல்கிற சட்டம் அதற்குத்தான். உங்கள் கார்டில் அது இருக்காது என்று நினைக்கிறேன்.

உங்களுடையது செல்ஃப் ஃபண்டட். கல்யாண வீட்டில் காண்ட்ராக்ட் சமையல்காரர் வருவது மாதிரிதான். கார்டில் பேர் போட்ட கம்பெனி சமைத்துப் பரிமாறும். மளிகைக் காசும் மெனுவும் வீட்டுக்காரருடையது. இங்கே வீட்டுக்காரர் உங்கள் எம்ப்ளாயர், சிகிச்சைக் காசு கொடுப்பதும் எது சேரும் என்று முடிவு செய்வதும் அவர்தான். 1974இல் வந்த எரிசா என்ற மத்தியச் சட்டத்தால் இப்படிப்பட்ட பிளான்களை மாநிலச் சட்டம் தொட முடியாது. அமெரிக்காவில் கம்பெனி வழியாக இன்சூரன்ஸ் வைத்திருக்கிற ஊழியர்களில் 10 பேருக்கு 6 பேருக்கு மேல் இந்த வகைதான். பெரிய ஐடி கம்பெனி என்றால் கேட்கவே வேண்டாம்.

மாநிலச் சட்டங்கள் சும்மா வரவில்லை. தென் கரோலினாவில் லோரி அனம் என்ற ஒரு வக்கீல், ஆட்டிசம் உள்ள பையனின் அம்மா, தானே மசோதாவை எழுதி, பெற்றோர்களைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொரு உறுப்பினராகப் போய்ப் பார்த்தார். 2007இல் சட்டசபையில் நிறைவேறியது. கவர்னர் மார்க் சான்ஃபர்ட் வீட்டோ போட்டார். கையோடு இரண்டு சபைகளும் அந்த வீட்டோவைத் தள்ளின. லோரியின் பையன் பேரிலேயே அது ரையன் சட்டம். அதே வருடம் டெக்சாஸிலும் ஒரு சட்டம் வந்தது, ஆனால் 3 முதல் 5 வயது வரைதான். ஆறு வயதானால் ஆட்டிசம் போய்விடும் என்று நினைத்தார்களோ என்னவோ! இங்கே சட்டசபை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை 140 நாள்தான் கூடும், அதைத் தவறவிட்டால் அடுத்த முறைதான். பெற்றோர்கள் விடவில்லை. 2009இல் 10 வயது வரை நீட்டினார்கள். 2013இல் மேல் வயது வரம்பையே எடுத்தார்கள், 10 வயதுக்குள் கண்டுபிடித்திருந்தால் போதும். 10 வயதுக்கு மேல் ஏபிஏவுக்கு ஆண்டுக்கு 36,000 டாலர் என்று ஒரு உச்சவரம்பு மட்டும் வைத்தார்கள். 2019க்குள் 50 மாநிலத்திலும் ஏதோ ஒரு வகையில் வந்துவிட்டது.

அத்தனையும் உங்கள் வாசல் வரை வந்து நின்றுவிடும். உள்ளே கொண்டுவருவது ஊழியர் வேலை. மைக்ரோசாஃப்ட் 2001லேயே தன் செல்ஃப் ஃபண்டட் பிளானில் ஏபிஏவைச் சேர்த்தது, அன்றைக்கு எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

நான் வேலை பார்த்த இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கம்பெனி பேர் வேண்டாம். முதலில் பிளான் டாக்குமெண்ட் முழுவதையும் எழுத்தில் கேட்டேன். எழுத்தில் கேட்டால் 30 நாளில் தர வேண்டும், இல்லாவிட்டால் கோர்ட் நாளொன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் போடலாம். எச்ஆர் வெப்சைட்டில் இருக்கிற நாலு பக்கப் பளபளப்பு சமாச்சாரம் இல்லை, நூறு பக்கத்துக்கு மேல் வரும். கடைசியில் விலக்குப் பட்டியல். எங்களுடையதில் விக் வைப்பதற்கும் எடை குறைப்புக்கும் நடுவே ஆட்டிசம் தெரபி ஒரு வரியில் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்தபோது அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

அப்புறம் ஆள் தேடினேன். நம்மவர்கள் வாயே திறக்க மாட்டார்கள். தமிழ்ப் பள்ளி பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்தபடி காதோடு காதாகச் சொல்வார்கள், "ஊருக்குத் தெரிய வேண்டாம் அக்கா" என்று. முதலில் கை தூக்கியது அக்கவுண்ட்ஸில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அடுத்து வேர்ஹவுஸ் ஷிஃப்ட் மேனேஜர் ஒரு மெக்சிகோக்காரர். ஆபீஸில் பெற்றோர் குழு ஒன்று இருந்தது, அதன் பேரில் ஒரே பக்கத்தில் கடிதம் எழுதினோம். யார் பிள்ளை, என்ன நிலைமை என்று ஒரு வார்த்தை கிடையாது. இந்தப் பக்கத்தில் இந்த விலக்கு இருக்கிறது, வரும் பிளான் ஆண்டில் எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். உங்கள் பேர் வெளியே வராமலே இதைச் செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

"செலவாகும், அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றார்கள். அப்போது இன்னொரு கேள்வி அனுப்பினோம். 2008இல் வந்த மனநலச் சமத்துவச் சட்டம் செல்ஃப் ஃபண்டட் பிளானையும் கட்டும். உடம்பு வியாதிக்கு இல்லாத கட்டுப்பாட்டை மனநலப் பக்கத்தில் வைத்தால், ஏன் வைத்தோம் என்ற ஒப்பீட்டு ஆய்வை 2021 முதல் எழுத்தில் வைத்திருக்க வேண்டும், ஊழியர் கேட்டால் காட்ட வேண்டும். "அந்த ஆய்வை அனுப்புங்கள்" என்று இரண்டே வரி. எச்ஆரிலிருந்து விஷயம் லீகலுக்குப் போனது. போன பிறகு பேச்சின் தொனியே மாறிவிட்டது. 2022இல் தொழிலாளர் துறை காங்கிரஸுக்குக் கொடுத்த அறிக்கையிலும் ஏபிஏ விலக்கைத்தான் மீறலுக்கு ஒரு உதாரணமாகக் காட்டியிருந்தார்கள், லீகலுக்கு அது தெரிந்திருக்கும். அடுத்த ஜனவரியில் அந்த வரி பட்டியலில் இல்லை.

நேரம் முக்கியம். ஜனவரியில் தொடங்குகிற பிளான் என்றால் மாற்றங்களைக் கோடையிலேயே முடிவு செய்துவிடுவார்கள். ஓபன் என்ரோல்மெண்ட், அதாவது அடுத்த வருட பிளானைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிற மெயில் வந்த பிறகு கேட்பது வீண்.

வேலை பயத்துக்கு: பிளான் உரிமையைக் கேட்டதற்காக ஒருவரை நீக்குவதோ தண்டிப்பதோ எரிசாவின் 510வது பிரிவின்படி சட்டவிரோதம். விசாக்காரருக்குச் சட்டம் மட்டும் தைரியம் தந்துவிடாது, அது தெரியும். அதனால்தான் குழு பேரில் போங்கள் என்கிறேன்.

இதற்கிடையில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுக்கு மதிப்பீடு கேட்டு எழுத்தில் அனுப்பிவிடுங்கள். மூன்று வயது முடிந்த பிள்ளைக்கு அவர்கள் பொறுப்பு, 15 பள்ளி நாளில் பதில் தர வேண்டும். காசு கிடையாது.

பதில்: வைகைக்கரை

அக்கா சொன்ன வழி சரி. ஆனால் கவரேஜ் கிடைத்துவிட்டது என்பதற்காக 25 மணி நேரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடாதீர்கள். ஏபிஏவில் வளர்ந்த பலர் பெரியவர்களான பிறகு கடுமையாக எதிர்த்துப் பேசுகிறார்கள், கண்ணைப் பார்க்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதை, கை ஆட்டுவதை நிறுத்தியதை. சென்டரில் எந்த நேரத்திலும் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள். என் மகளுக்கு ஸ்பீச்சும் ஓடியும்தான் அதிகம் உதவின. கடிதத்தில் அந்த இரண்டுக்கும் உள்ள ஆண்டு விசிட் வரம்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

பதில்: மேடவாக்கம் மீனா

அங்கே இவ்வளவு என்றால் இங்கே கதை வேறு. மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் நடத்துகிற நிராமயா மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு, சேரும் முன் மெடிக்கல் டெஸ்ட் கிடையாது, தெரபிக்கும் ஒரு பகுதி ஒதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பகுதி வாரம் இரண்டு செஷன் போனால் சில மாதத்திலேயே தீர்ந்துவிடும். மீதியெல்லாம் கைக்காசுதான். அக்காவின் கடிதத்தை எங்கள் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடலாமா?

பதில்: பிரிஸ்கோ அப்பா

அக்கா, பார்த்துவிட்டேன். நண்பர் கார்டின் கீழ் மூலையில் டிடிஐ இருக்கிறது, என்னுடையதில் இல்லை. பிளான் டாக்குமெண்ட் கேட்டு இன்றே மெயில் அனுப்பினேன், பிள்ளை பற்றி எதுவும் எழுதவில்லை. எங்கள் பிளான் ஜனவரியில்தான் தொடங்குகிறது, இப்போது ஏப்ரல், நேரம் இருக்கிறது. டீமில் ஒரு கேரளாக்காரர் மகளுக்கும் தெரபி நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள், அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்றுதான் யோசிக்கிறேன்.

பதில்: செல்வி அக்கா, ஆஸ்டின்

மீனா, தாராளமாகப் போடுங்கள், ஆனால் சட்டப் பேரெல்லாம் அங்கே வேறு, அப்படியே நகல் எடுக்காதீர்கள். தம்பி, கேரளாக்காரரிடம் அவர் மகளைப் பற்றிக் கேட்காதீர்கள். உங்கள் மகனைப் பற்றி நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள், மீதியை அவர் பார்த்துக்கொள்வார். டாக்குமெண்ட் வந்ததும் விலக்குப் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், கம்பெனி பேரை மறைத்துவிட்டு.