ஆஸ்கர் ஷார்ட்லிஸ்ட் 15: கணிக்கிறவர்கள் கவனிக்க வேண்டியவை

ஆஸ்கரின் சர்வதேசத் திரைப்படப் பிரிவில், இறுதிப் பரிந்துரைக்கு முன் டிசம்பரில் வரும் 15 படப் பட்டியல்தான் ஷார்ட்லிஸ்ட். அதைக் கணிக்க, முதலில் நாடு, அப்புறம்தான் படம். இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் செப்டம்பரிலேயே கணிப்பு பாழாகிவிடும். இந்தப் பிரிவுக்கு ஒரு நாட்டின் தேர்வுக்குழு ஒரே படத்தைத்தான் அனுப்பும். 2023இல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப்பனை வாங்கிய ‘அனாடமி ஆஃப் எ ஃபால்’ ஆஸ்கரில் சிறந்த படம் உட்பட ஐந்து பரிந்துரைகள் பெற்றது. ஆனால் பிரான்ஸ் அனுப்பியது ‘தி டேஸ்ட் ஆஃப் திங்ஸ்’. அடுத்த வருஷம் அங்கே இரண்டாம் பரிசான கிராண்ட் பிரீ வாங்கிய ‘ஆல் வி இமேஜின் அஸ் லைட்’டை இந்தியாவும் அனுப்பவில்லை, பிரான்ஸும் அனுப்பவில்லை. ஆகவே எக்செல் தாளில் முதல் கட்டம் நாட்டின் பெயர். அடுத்தது அந்த நாட்டுத் தேர்வுக்குழு அறிவித்த தேதி. அறிவிக்காத வரை படத்தின் பெயரைப் பென்சிலால் எழுதியதாகவே நினையுங்கள். நவம்பரில், ஆஸ்கர் வழங்கும் அகாடமி தகுதிப் பட்டியலை வெளியிட்ட பிறகுதான் மை.

• • •

தேர்வுக்குழு அறிவித்துவிட்டதாலேயே படம் உள்ளே வந்துவிட்டது என்றும் அர்த்தமில்லை. வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலம் அல்லாததாக இருக்க வேண்டும். 2019இல் நைஜீரியாவின் ‘லயன்ஹார்ட்’ இதில்தான் அடிபட்டது. 2020இல் இலங்கைத் தமிழ்ச் சிறுவனின் கதையான ‘ஃபன்னி பாய்’ படத்தைக் கனடா அனுப்பியபோதும் அதே கதி, பதிலுக்கு வேறு படம் அனுப்பினார்கள்.

சந்தேகம் வந்தால் அளந்து பார்த்துவிடலாம். படத்தின் முழு சப்டைட்டில் கோப்பை எடுத்து, ஒவ்வொரு வரியின் தொடக்க நேரம், முடிவு நேரம் இரண்டையும் தாளில் ஒட்டுங்கள். பக்கத்தில் மொழிக்கு ஒரு கட்டம். கழித்து, மொழிவாரியாகக் கூட்டினால் விகிதம் வந்துவிடும். இங்கே இரண்டு இடத்தில் பிசகும். மொத்தப் படநீளத்தால் வகுப்பது தவறு, கணக்கு வசனத்துக்கு மட்டுமே. இன்னொன்று, ஆங்கில வசனத்துக்கு வரியே போடாத கோப்பு. காது கேளாதோருக்கான கோப்பு கிடைத்தால் அதையே எடுங்கள், அதில் பெரும்பாலும் எல்லா மொழியும் இருக்கும். விகிதம் 45க்கும் 55க்கும் நடுவில் நின்றால் அந்தப் படத்துக்கு எதிரே சிவப்புப் புள்ளி வைத்துவிட்டு நவம்பர் வரை காத்திருங்கள்.

• • •

எந்தப் படம் எந்தத் திரைப்பட விழாவில் முதலில் வந்தது என்ற விழாக் கணக்குக்கு வருவோம். சரக்கு இங்கேதான் இருக்கிறது.

97ஆவது ஆஸ்கரில் (2024 தேர்வுகள்) தகுதி பெற்ற படங்கள் 85. ஷார்ட்லிஸ்டில் வந்த 15இல் ஏழு படங்களின் முதல் திரையிடல் கானில் நடந்தது. வெனிஸிலிருந்து இரண்டு, பெர்லினிலிருந்து ஒன்று. அடுத்த வருஷம், 98ஆவதில், கான் 9, வெனிஸ் 2, பெர்லின் 1. கான் என்றதும் போட்டிப் பிரிவை மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம் தவறவிடுகிறார்கள். ‘ஃப்ளோ’, ‘ஆர்மண்ட்’, ‘சந்தோஷ்’, ‘ஹோம்பவுண்ட்’ நான்கும் அன் செர்டன் ரிகார் பிரிவு. ‘தி பிரசிடென்ட்ஸ் கேக்’ இயக்குநர்களின் பதினைந்து நாள் பிரிவு. மே மாதமே இந்தப் பக்கவாட்டுப் பிரிவுகளின் முழுப் பட்டியலையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கப்பனை வாங்கினாலும் இடம் உறுதியில்லை. 2021இல் வென்ற ‘டிட்டான்’ பதினைந்துக்குள் வரவில்லை. காரணம் அமைப்பிலேயே இருக்கிறது. ருமேனியாவின் ‘4 மந்த்ஸ், 3 வீக்ஸ் அண்ட் 2 டேஸ்’ விடுபட்டுப் பெரிய சர்ச்சையான பிறகு, ஒரு செயற்குழு மூன்று படங்களைத் தன் அதிகாரத்தில் சேர்த்து வந்தது. பட்டியல் 15ஆக விரிந்த 93ஆவது விருதிலிருந்து அந்தக் கை இல்லை. வாக்கு மட்டும்தான். வயிற்றைப் புரட்டும் காட்சி, நீண்ட மௌனம், பிடிகொடுக்காத வடிவம் இருந்தால் விழா விருதின் எடையில் பாதியைக் குறைத்துவிடுங்கள்.

• • •

மேலே சொன்னதோடு ஒன்று. அமெரிக்க விநியோகஸ்தர் யார் என்பதற்குத் தனிக் கட்டம் வையுங்கள். முதல் சுற்றில் வாக்களிக்க முன்வரும் உறுப்பினர்கள் குறிப்பிட்ட எண்ணிக்கைப் படங்களையாவது பார்த்தாக வேண்டும். எண்பதுக்கும் மேற்பட்ட படங்களை எல்லாரும் பார்க்கப் போவதில்லை. எதை முதலில் பார்ப்பார்கள் என்பதுதான் கேள்வி, அதைத் தீர்மானிப்பது விநியோகஸ்தரின் திரையிடலும் விளம்பரமும். 98ஆவது பட்டியலில் நியான் நிறுவனத்தின் படங்கள் மட்டும் ஐந்து.

• • •

“ஒரே விஷயத்தைப் பற்றிய படங்கள் ஓட்டைப் பிரித்துக்கொள்ளும்” என்ற வாதத்தை விட்டுவிடலாம். 98ஆவது பட்டியலில் பாலஸ்தீனம் பற்றிய மூன்று படங்கள், மூன்று நாடுகள் அனுப்பியவை, மூன்றுமே உள்ளே. ஒரு வாக்குச்சீட்டில் பல படங்களுக்கு இடமுண்டு, எனவே ஒன்றைப் பிடித்தவர் இன்னொன்றைக் கைவிட வேண்டியதில்லை.

• • •

இந்தியப் படம் என்றால் பாசத்தை ஒதுக்கிவைத்துப் பாருங்கள். ‘கூழாங்கல்’ ராட்டர்டாம் விழாவில் முதல் பரிசான டைகர் விருது வாங்கிய அருமையான படம், பதினைந்தில் வரவில்லை. ‘விசாரணை’ வெனிஸ் வரை போயும் பட்டியலில் வரவில்லை. வருஷத் தொடக்கத்து விருதின் சூடு டிசம்பர் வரை தாங்காது, நடுவில் இன்னொரு பெரிய விழாவோ அமெரிக்க வெளியீடோ வேண்டும். 2024இல் நம் தேர்வான ‘லாபதா லேடீஸ்’ நின்றுபோக, பிரிட்டன் அனுப்பிய இந்திப் படம் ‘சந்தோஷ்’ நுழைந்தது. அடுத்த வருஷம் நம் தேர்வாகப் பட்டியலில் வந்த ‘ஹோம்பவுண்ட்’ கானில் தொடங்கி, டொரண்டோவில் பார்வையாளர் விருதுப் பட்டியலிலும் இடம்பிடித்து, ஹாலிவுட் இயக்குநர் மார்ட்டின் ஸ்கோர்செசியின் பெயரையும் சுமந்து போனது. அந்த மூன்றும் சேர்ந்ததால்தான் அதைத் துணிந்து எழுத முடிந்தது.

• • •

கடைசி மூன்று இடங்களுக்கு விழாக் கணக்கு உதவாது. 97ஆவது ஆஸ்கரில் தாய்லாந்தின் ‘ஹவ் டு மேக் மில்லியன்ஸ் பிஃபோர் கிராண்ட்மா டைஸ்’, ஐஸ்லாந்தின் ‘டச்’ இரண்டும் பெரிய விழா எதுவும் இல்லாமல் வந்தவை. இரண்டிலும் முதுமை, பிரிவு, கண்ணில் நீர் வரவைக்கும் நேரான கதை. 12 இடத்தை விழா, விநியோகம் இரண்டாலும் நிரப்புங்கள். மீதி மூன்றுக்கு, தகுதிப் பட்டியலில் சொந்த நாட்டில் நன்றாக ஓடிய, குடும்பத்தோடு பார்க்கத்தக்க படங்களைத் தனியே எடுத்து, அவற்றுக்குள் மட்டும் தேடுங்கள்.