காட்பாடி பக்கம் புது இன்டர்நேஷனல் ஸ்கூல், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

எல்லாருக்கும் வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில இருக்கோம், பொண்ணு மூணாவது படிக்கிறா. காட்பாடி பக்கம் புதுசா வந்திருக்கிற இன்டர்நேஷனல் டே ஸ்கூல்ல சேர்க்கலாமான்னு யோசிக்கிறோம். ஐபி பிஒய்பி முறை, அதாவது இன்டர்நேஷனல் பாக்கலரேட் அமைப்போட ஆரம்பப் பள்ளிப் பாடத்திட்டம். இவ வயசுக்கு வருஷத்துக்கு 6 பெரிய கருப்பொருள். கணக்கு, அறிவியல், மொழி எல்லாம் அதோட பின்னி வரும், பிள்ளைங்க கேக்கிற கேள்வியிலிருந்துதான் பாடமே நகரும். இதுதான் எனக்குப் பிடிச்சுப்போச்சு.

பாலாத்துப் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் "ஏம்மா வெறும் மணலா இருக்கு, தண்ணி எங்க போச்சு?"ன்னு கேட்டுட்டே வருவா. இப்ப படிக்கிற ஸ்கூல்ல அதைக் கேட்டப்போ, பாடத்துல இல்லன்னு உட்கார வெச்சுட்டாங்க. மனசு தாங்கல.

இந்த முறையில பிள்ளைங்களைப் படிக்க வைக்கிறவங்க சொல்லுங்க: வாய்ப்பாடும் தமிழ் எழுத்தும் ஒழுங்கா வருதா? பின்னாடி சிபிஎஸ்இக்கு மாத்தினா தடுமாறுவாங்களா? ஃபீஸ் விவரம் நேர்ல கேட்டுக்கிறோம். அட்மிஷனுக்கு முன்னாடி வகுப்பு நடக்கிறதை உட்கார்ந்து பார்க்க யாரையாவது விட்டாங்களா?