ஒரே நெட்வொர்க்கில் இரண்டு ரௌட்டர்: சில கணினிகளில் மட்டும் இணையம் இல்லை

கேள்வி:
ஒரே பிராட்பேண்ட் இணைப்பில் 9 கணினிகள். வைஃபை எட்டாத அறைக்காகப் பழைய ரௌட்டர் ஒன்றை நெட்வொர்க் சுவிட்சில் (கணினிகளைக் கேபிளால் இணைக்கும் பெட்டி) செருகியதிலிருந்து சிலவற்றில் இணையம் வருவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சில நேரம் சரியாகிறது. ஐபி முகவரி சிலவற்றில் 192.168.1.23 மாதிரி, சிலவற்றில் 192.168.0.104 மாதிரி. கேபிள் மாற்றியும் பயனில்லை.

பதில் 1:
கேபிளை விடுங்கள், அந்த இரண்டு முகவரிகளிலேயே விடை இருக்கிறது. இரண்டு ரௌட்டரும் டிஎச்சிபி (கணினிகளுக்குத் தானாக முகவரி வழங்கும் வசதி) மூலம் ஐபி கொடுக்கின்றன. எது முந்திக்கொள்கிறதோ அதன் பக்கம் கணினி போய்விடும். பழைய ரௌட்டர் தன்னையே கேட்வே, அதாவது இணையத்துக்கான வழி, என்று சொல்லும், ஆனால் இணைய இணைப்பைச் செருக வேண்டிய அதன் வேன் (WAN) போர்ட் காலி!

அதை சுவிட்சிலிருந்து கழற்றி, ஒரு லேப்டாப்பில் மட்டும் இணையுங்கள். முதலில் அதன் அமைப்புப் பக்கத்தில் லேன் (LAN) ஐபியை, அதாவது உள் நெட்வொர்க்கில் அந்த ரௌட்டரின் முகவரியை, 192.168.1.2 என்று மாற்றிச் சேமியுங்கள். புது முகவரியில் மறுபடி நுழைந்து டிஎச்சிபியை அணையுங்கள். பிறகு சுவிட்ச் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள், வேனில் வேண்டாம்.

பதில் 2:
இன்னொன்று. முதன்மை ரௌட்டரின் டிஎச்சிபி வரம்பை 192.168.1.100 முதல் 200 வரை என்று வையுங்கள். இல்லாவிட்டால் அந்த 2 என்ற எண் என்றாவது வேறு கணினிக்குப் போய் மோதும். எல்லாம் முடிந்ததும் கணினிகளை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

கேட்டவர்:
8 கணினிகள் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. ஒன்றில் மட்டும் 169.254 என்று தொடங்கும் முகவரி.

பதில் 1:
அதற்கு டிஎச்சிபி பதிலே போய்ச் சேரவில்லை. இப்போதுதான் கேபிளைப் பார்க்க வேண்டும்: சுவிட்சில் வேறு போர்ட்டுக்கு மாற்றி, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.