மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்துல கார்ப் மீன் மாட்டினதும் தங்கூசி (நைலான் தூண்டில் நூல்) அறுந்துடுது

மஸ்கெலியா_பொடியன்:
கரையில இருந்துதான் போடுறேன். தங்கூசி 0.28 மில்லிமீட்டர், பாக்கெட்ல 5 கிலோன்னு போட்டிருக்கு. முள்ளு 8ஆம் நம்பர், இரை பாண். பெருசா ஒன்னு மாட்டினா முதல் ஓட்டத்துலயே போயிடுது. 0.40க்கு மாறணுமா, இல்ல பின்னல் நூல் வாங்கவா?

நோர்வூட்_தூண்டில்:
கடைக்கு ஓடாதீங்க தம்பி, முதல்ல அறுந்த நுனியைப் பாருங்க. ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருந்தா முடிச்சு வழுக்கியிருக்கு. வெள்ளையா, நகத்தால தடவினா சொரசொரன்னு இருந்தா கல்லுலயோ கட்டையிலயோ உரசியிருக்கு. சுருளாம, உரசின தடமும் இல்லாம அறுந்திருந்தா ரீல் பிரேக் இறுக்கம். 5 கிலோ நூலுக்கு 1.5 கிலோவுல ரீல் நூல் விடணும். 1.5 லீட்டர் தண்ணி போத்தலை நிரப்பி, நூல் நுனியில கட்டி, கம்பால தூக்குங்க. போத்தல் தரையை விட்டு எழும்பும்போதே ரீல் சுத்தணும்.

லக்கம்_கரை:
பின்னல் நூல் அங்க வேணாம். பழைய மஸ்கெலியா டவுனே தண்ணிக்கு அடியிலதான் கிடக்கு. சுவர், படிக்கட்டு, மரக்கட்டை எல்லாம் இருக்கு. அதுல உரசினா பின்னல் நூல் தங்கூசியை விட சீக்கிரம் போகும். தண்ணி வத்துற காலத்துல போய் எங்க என்ன தெரியுதுன்னு பார்த்து வச்சுக்கங்க, நிறைஞ்ச பிறகு அதுதான் மேப். முள்ளுக்குப் பக்கத்துல 30 சென்டிமீட்டருக்கு மட்டும் 0.22 கட்டினா, சிக்கினாலும் அந்தத் துண்டோட போயிடும்.

மஸ்கெலியா_பொடியன்:
பார்த்தேன், சுருண்டுதான் இருக்கு. போடுறது சாதாரண ரெட்டை முடிச்சு.

நோர்வூட்_தூண்டில்:
அப்ப அதுதான். அந்த முடிச்சுல நூலோட பலம் பாதிக்குப் பாதி போயிடும். முள்ளுக் கண்ணுல நூலைக் கோத்து, நுனியால தாய் நூலை 5, 6 தடவை சுத்துங்க. நுனியைக் கண்ணுக்குப் பக்கத்துல இருக்கிற சின்ன வளையத்துல திருப்பி விடுங்க. எச்சில் தொட்டு மெதுவா இழுங்க. காஞ்ச நூலை வெடுக்குன்னு இழுத்தா சூடேறி அங்கயே பலமிழந்துடும். நுனியை ஒட்ட வெட்டாம 3 மில்லிமீட்டர் விடுங்க.

லக்கம்_கரை:
பாண் தண்ணியில கரைஞ்சு போறதும் இருக்கு. நடுச்சதையைக் கோதுமை மாவோட பிசைஞ்சு, உருண்டைக்குள்ள ரெண்டு இழை பஞ்சு வச்சுப் பாருங்க. மிதப்பு லேசா ஆடினதும் இழுக்காதீங்க. கார்ப் உறிஞ்சித் துப்பிப் பார்க்கும். மிதப்பு பக்கவாட்டில நகர ஆரம்பிச்ச பிறகு கம்பைத் தூக்குங்க.