புதுப்பிப்பு: மின்சாரம் போனால் ஃபிளாஷில் அமைப்புகள் அழியும் சிக்கல் தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. எழுதும் நடுவே மின்சாரம் போனால் எஸ்பிஐ நார் ஃபிளாஷில் (மின்சாரம் இல்லாதபோதும் தரவை வைத்திருக்கும் நினைவகச் சிப்) உள்ள சாதனத்தின் அமைப்புகள் (செட்டிங்ஸ்) மொத்தமும் போய்விடுகின்றன என்பதுதான் கேள்வி.

கைகொடுத்தது, இரண்டு செக்டர்களை (சிப்பில் மொத்தமாகவே அழிக்கக்கூடிய பகுதிகள்; அழித்த பிறகே மறுபடி எழுத முடியும்) மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் யோசனை. பழைய பிரதியைத் தொடாமல், புதியதை வரிசை எண், சிஆர்சி-32 (தரவு கெட்டிருந்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு எண்) இரண்டோடும் மற்ற செக்டரில் எழுத வேண்டும். துவங்கும்போது சிஆர்சி சரியாக உள்ளவற்றில் பெரிய எண் உள்ளதே செல்லும். ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வைத்து, எழுதும்போதும் அழிக்கும்போதும் மின்சாரத்தை வெட்டிப் பார்த்தாயிற்று. பழையதோ புதியதோ, ஒன்று முழுசாகக் கிடைக்கிறது.

மின்சாரம் போன பிறகும் வேலை முடியும்வரை தாங்க, மின்னூட்டத்தைச் சேமிக்கும் கெபாசிட்டர் மட்டும் போதும் என்ற யோசனை கணக்கில் நிற்கவில்லை. இந்தச் சிப்பில் செக்டர் அழிக்க அதிகபட்சம் 400 மில்லிசெகண்ட். சர்க்யூட் 25 மில்லியாம்பியர் இழுக்க, வோல்டேஜ் 3.3இலிருந்து 2.7க்கு இறங்கலாம் என்றால் சுமார் 16,700 மைக்ரோஃபாரட் வேண்டும்! ஒரு பேஜ் (ஒரே தடவையில் எழுதக்கூடிய 256 பைட்) எழுத 3 மில்லிசெகண்டுதான், 125 மைக்ரோஃபாரட் போதும். ஆகவே அடுத்த செக்டரை முன்கூட்டியே அழித்துவைத்து, 220 மைக்ரோஃபாரட் போட்டாயிற்று. அமைப்புகள் 256 பைட்டுக்குள், ஒரே பேஜில் அடங்குவதால் இது சாத்தியம்.

எதிர்பாராதது ஒன்று: அழிப்பு பாதியில் நின்ற செக்டர், எல்லா பிட்டும் 1 என்று காலியாகவே காட்டியது. அதில் எழுதியதோ ஒருமுறை சரியாகவும் அடுத்தமுறை தப்பாகவும் படித்தது. அந்தக் காலித் தோற்றத்தை நம்பாதீர்கள். ஒவ்வொரு துவக்கத்திலும் செல்லாத செக்டரை மறுபடி முழுசாக அழித்த பிறகே எழுதுங்கள்.